லீஃப் ப்ளோயரைத் திட்டும் முன் கூலியைப் பேசுவோம்

லாஸ் ஏஞ்சலிஸில் வீடுகளிலிருந்து 500 அடிக்குள், உதிர்ந்த இலைகளைக் காற்றால் ஊதித் தள்ளும் பெட்ரோல் மெஷினான லீஃப் ப்ளோயரை ஓட்டக் கூடாது என்று 1998 முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் தெருவில் காலையில் கேட்கும் முதல் சத்தம் அதுதான்.

ஜப்பானில், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானிலிருந்து வந்தது இது. மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டால் வெறும் காற்று, இலை பறக்கும். 1976-77இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. நடைபாதையைக் குழாய்த் தண்ணீரில் கழுவ முடியாமல் போக, ப்ளோயர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கார்மெல் என்ற கடலோரச் சிற்றூர் மட்டும் 1975லேயே தடை போட்டிருந்தது.

சத்தம் பாதிப் பிரச்சினைதான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், எரியாத பெட்ரோலையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. சென்னையின் பழைய ஆட்டோ பின்னால் நின்றவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். ஒரு மணி நேரம் ப்ளோயர் ஓடினால், ஒரு கேம்ரி கார் சுமார் 1,100 மைல் ஓடும்போது விடும் அளவுக்குக் காற்று கெடுகிறது என்கிறது கலிஃபோர்னியா காற்றுவள வாரியம்.

இவ்வளவையும் முதலில் சுவாசிப்பவர் அதைச் சுமப்பவர். பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வரும் தோட்டக்காரரைப் பார்த்திருக்கிறேன். மெஷினை நிறுத்திய பிறகும் தண்ணீர் பாட்டிலைத் திறக்க விரல்கள் நடுங்கும். ஆனால் தடையை எதிர்த்து 1998 ஜனவரியில் நகர மன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தவர்களும் இவரைப் போன்ற லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள்தான். துடைப்பம் எடுத்தால் நேரம் கூடும், கூலி கூடாதே! அவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன்.

2021இல் போட்ட சட்டப்படி, 2024 முதல் தயாராகும் புதிய பெட்ரோல் ப்ளோயர்களை இந்த மாநிலத்தில் விற்க முடியாது. இருப்பவை ஓடலாம். சிறு தோட்டத் தொழிலாளர்கள் பேட்டரி மெஷினுக்கு மாறிக்கொள்ள அரசு 3 கோடி டாலர் ஒதுக்கியது. சரி, நல்லதுதான். ஆனால், "நாள் முழுக்க ஓட எத்தனை பேட்டரி வாங்குவது?" என்று அந்தத் தோட்டக்காரர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் பக்கத்து வீட்டாருடன் பேசினேன். இரண்டு வீட்டிலும் மாதக் கூலியை உயர்த்தினோம். மரத்தடி இலைகள் அங்கேயே மக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நடைபாதையை மட்டும் அவர் துடைப்பத்தால் பெருக்குகிறார். கூடுதல் நேரத்துக்கும் பணம் உண்டு. தெருவில் மற்றவர்களிடமும் இதைத்தான் கேட்டுவருகிறேன்: புகார் கொடுக்க போனை எடுக்கும் முன், அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.