12எஃப் கட்டத்தில் பூஜ்ஜியம்

2022 செப்டம்பரில் அமெரிக்காவில் எங்கள் கவுண்ட்டியின், அதாவது மாவட்டத்தின், முன்னாள் படைவீரர் உதவி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். விஎஸ்ஓ என்று சொல்லப்படும் உதவி அலுவலர், வியட்நாம் போருக்குப் போய்வந்த பெரியவர். ராணுவத்தை விட்டு வெளியேறும்போது தரும் பணிச்சான்றான என் டிடி-214-ஐ மேசையில் விரித்து, பேனா நுனியை 12எஃப் என்ற கட்டத்தின்மேல் வைத்தார். வெளிநாட்டுச் சேவை: 0000 00 00. வருடம், மாதம், நாள், எல்லாமே பூஜ்ஜியம்.

"காந்தஹாரில் இருந்தேன் என்கிறீர்கள். இந்தத் தாளைக் கேட்டால் நீங்கள் அமெரிக்காவை விட்டு நகரவே இல்லை என்கிறது" என்றார்.

ஒன்பது வருடமாக அந்தத் தாள் என்னிடம்தான் இருந்தது. கல்லூரிச் சேர்க்கை, வீட்டுக் கடன் என்று பல இடங்களில் நகல் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் 12எஃப்-ஐப் பார்த்ததில்லை.

கொஞ்சம் பின்கதை. நான் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவன். 2009-இல் மாவ்னி என்ற திட்டம் வந்தது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும், மருத்துவத் தகுதியோ ராணுவத்துக்குத் தேவையான மொழியோ இருந்தால் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. தொலைபேசியில் யாரோ ஒருவர் என்னை அரை மணி நேரம் தமிழில் பேசவைத்துத் தேர்வு நடத்தினார். தமிழால் கிடைத்த வேலை அது. ஆனால் நான்கு வருடப் பணியில் நான் தமிழ் பேசியது காந்தஹார் உணவுக்கூடத்தில், நாகர்கோவில் பக்கத்து அண்ணன் ஒருவரோடு மட்டும்தான். அவர் சோறு பரிமாறும் ஒப்பந்தத் தொழிலாளி. நான் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன்.

காந்தஹார் விமானத்தளத்தில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கழிவுநீர்க் குளத்தைப் பற்றித்தான். காற்று திரும்பினால் தளம் முழுக்க அந்த வாடைதான். அதோடு குப்பை எரிக்கும் புகையும், மாவு போன்ற புழுதியும் சேர்ந்துகொள்ளும். ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருடம் எனக்கு சைனஸ் பிடித்தது, இன்னும் விடவில்லை. 2022 ஆகஸ்ட் 10 அன்று பாக்ட் சட்டம் கையெழுத்தானது. ஆப்கானிஸ்தானில் பணியாற்றியவருக்கு நாள்பட்ட சைனஸ் இருந்தால், அது அங்கிருந்த புகையால்தான் வந்தது என்று அவர் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை; அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். எனக்கு இடித்தது அந்த 'அங்கே இருந்ததை' என்பதில்தான்.

தவறு எப்படி நடந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. என் சொந்தப் படைப்பிரிவு போகவில்லை. ஆள் குறைந்த வேறொரு பிரிவுக்கு நிரப்பு ஆட்களாக எங்களில் சிலரை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது எங்கள் பயண விவரம் அந்தப் பிரிவின் கோப்பிலேயே தங்கிவிட்டது. என் பணிப்பதிவுச் சுருக்கத்தில் ஏறவே இல்லை. 2013-இல் வெளியேறும்போது அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் 214-ஐத் தட்டச்சு செய்தார்கள். வரைவை என்னிடம் காட்டினார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாள் விமானம். பெயர், பிறந்த தேதி, 'கௌரவமான விடுவிப்பு' என்ற 24-ஆம் கட்டம், இவ்வளவும் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

என் 214-இல் பிழை மூன்று இடத்தில். 12எஃப்-இல் பூஜ்ஜியம். 18-ஆம் கட்டமான குறிப்புகளில் 'ஆப்கானிஸ்தானில் பணி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்ற வரி இல்லை. 13-ஆம் கட்டத்தில், பதக்கங்கள் வரிசையில், ஆப்கானிஸ்தான் போர்ப்பதக்கமும் நேட்டோ பதக்கமும் ஆர்மி கமென்டேஷன் மெடலும் இல்லை. இருந்த நான்கைந்தின் முடிவில் பெரிய எழுத்தில் 'நத்திங் ஃபாலோஸ்'. இதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று முத்திரை குத்திய மாதிரி.

விஎஸ்ஓ முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார். சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 214 மட்டுமே ஆதாரம் அல்ல, வேறு ஆவணத்தையும் ஏற்பார்கள், அந்த விண்ணப்பத்தை இன்றே போட்டுவிடலாம். ஆனால் 214-ஐத் திருத்தாமல் விட்டால் ஒவ்வொரு அலுவலகத்திலும் இதே கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் செய்யும் உதவிக்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு திருத்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள்.

திருத்தத்துக்கு இரண்டு வாசல் உண்டு. எழுத்தர் பிழை, விடுபட்ட பதக்கம் போன்றவற்றை ராணுவத்தின் மனிதவள ஆணையமே சரிசெய்யும்; அது கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கிறது. அவர்களால் முடியாது என்றால், அல்லது மறுத்தால், டிடி-149 படிவத்தில் ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்குப் போகலாம். பிழையைக் கண்டுபிடித்த மூன்று வருடத்துக்குள் வாரியத்துக்கு எழுத வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதல் வாசலைத் தட்டாமல் நேராக வாரியத்துக்குப் போனால், போய் அங்கே கேட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி வாரியம். விடுவிப்பின் தரத்தையே உயர்த்தக் கேட்பது வேறு சங்கதி, அதற்கு டிடி-293 என்று வேறு படிவம்.

முதல் வேலையாக என் முழுப் பணிக்கோப்பையும் கேட்டேன். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவத்தில் எழுதலாம். நான் இணையத்திலேயே கேட்டேன். 214 மட்டும் போதும் என்று கேட்காமல் முழுக் கோப்பையும் கேட்க வேண்டும், அதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த மையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1960-க்கு முன் வெளியேறிய தரைப்படைக்காரர்களுடையவை நூற்றுக்கு எண்பது சாம்பல். விஎஸ்ஓவின் அப்பா கொரியாவுக்குப் போனவராம். "அவருக்கு நான் சம்பளப் பதிவை வைத்துத்தான் எல்லாம் மீட்டேன். உனக்கு நெருப்பு இல்லை, வெறும் மறதிதான்" என்றார்.

என் கோப்பு வந்தது. பார்த்தால், அதிலும் நான் எங்கும் போகவில்லை.

அப்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். கோபத்தில் மனிதவள ஆணையத்துக்கு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். எந்த மாதம் போனேன், எங்கே தூங்கினேன், ராக்கெட் விழுந்த அன்று சைரன் எப்படி அலறியது, எல்லாம். கூடவே பன்னிரண்டு புகைப்படங்கள். 2022 நவம்பரில் அனுப்பியது பிப்ரவரியில் திரும்பியது. மரியாதையான பதில்தான்: புகைப்படமும் சொந்த வாக்குமூலமும் போதாது, உத்தரவு நகல், சம்பளச் சீட்டு, பதக்க உத்தரவு போன்றவற்றை இணைத்து மீண்டும் அனுப்பவும். விஎஸ்ஓ படித்துவிட்டுச் சிரித்தார். நான் போனேனா என்று அவர்கள் கேட்கவில்லை, எந்தத் தாள் அதைச் சொல்கிறது என்றுதான் கேட்கிறார்கள் என்றார்.

சரி, தாள் வேட்டை. இங்கேதான் விசாவில் வந்தவனின் பழக்கம் கைகொடுத்தது. மாணவர் விசாவுக்கான ஐ-20 முதல் குடியுரிமைச் சான்றிதழ் வரை, வரிக்கணக்குகள் உட்பட, ஒரு தாளையும் எறிந்தவனில்லை நான். 2012-க்கான டபிள்யூ-2, அதாவது வருடாந்தரச் சம்பள வரிச் சான்று, கிடைத்தது. அதில் 12-ஆம் பெட்டியில் 'க்யூ' என்ற குறியீட்டோடு ஒரு தொகை. போர்ப்பகுதியில் ஈட்டிய, வரி விதிக்கப்படாத சம்பளம் என்பதற்கான குறியீடு அது. அதே கோப்பில் அந்த வருடத்துச் சம்பளச் சீட்டுகளும் இருந்தன. படையை விட்டு விலகி ஒரு வருடமானால் சம்பள இணையதளத்தில் பழைய சீட்டுகளைப் பார்க்க முடியாது. நான் அப்போதே அச்செடுத்து வைத்திருந்தது அதிர்ஷ்டம்தான்.

மார்ச் சீட்டைப் பாருங்கள். ஆபத்துப் பகுதிப் படி: 157 டாலர் 50 சென்ட். அந்தப் படி முழு மாதத்துக்கு 225 டாலர். 2012 பிப்ரவரியிலிருந்து அதை நாள் கணக்கில், நாளொன்றுக்கு 7.50 என்று கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். 157.50-ஐ 7.50-ஆல் வகுத்தால் 21. மார்ச் 31-லிருந்து 21 நாள் பின்னால் எண்ணினால் மார்ச் 11. நான் போய் இறங்கிய நாள்! டிசம்பர் சீட்டில் 30 டாலர். நான்கு நாள். டிசம்பர் 4 அன்று கிளம்பினேன். சிக்கனத்துக்காகக் கொண்டுவந்த விதி என்று அன்றைக்கு எல்லோரும் திட்டினோம். பத்து வருடம் கழித்து என் வருகைப் பதிவேடாக அதுதான் நின்றது.

உத்தரவு நகல் மட்டும் என்னிடம் இல்லை. ராணுவ மின்னஞ்சலில் இருந்தது, அந்த அஞ்சல்பெட்டி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. கூட வந்தவர்களில் ஒருவன் டெக்சாஸில் லாரி ஓட்டுகிறான். அவனுக்குப் போன் செய்தேன். ஒரே உத்தரவில் ஏழு பேர் பெயர் இருந்தது. அவனுடைய இரும்புப் பெட்டியில், காலுறைகளுக்கு அடியில் கிடந்ததாம். மற்ற ஐந்து பேரின் பெயரையும் எண்ணையும் கறுப்பு மையால் மறைத்து அனுப்பினான். உங்கள் பிரிவு உத்தரவு கிடைக்கவில்லையா, அதே உத்தரவில் போன இன்னொருவரைத் தேடுங்கள்.

போர்ப்பதக்கத்துக்குத் தனி உத்தரவு தேடி அலைய வேண்டாம். ஆப்கானிஸ்தானுக்குள் தொடர்ந்து 30 நாள் பணி செய்தது நிரூபணமானால் அது தன்னாலே வரும். நேட்டோ பதக்கத்தின் சான்றிதழ் கையில் இருந்தது. ஆனால் கமென்டேஷன் மெடல் தனி ஆளுக்குக் கொடுப்பது. அதற்கு உத்தரவு எண் வேண்டும். அந்தச் சான்றிதழை 2013-இல் பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். அவர் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

"ஏல, இதுல நம்பர் ஒண்ணும் இல்லயே. கீழ கோடுதான் இருக்கு" என்றார் அப்பா வீடியோ அழைப்பில்.

"கோட்டுக்குக் கீழ இருக்கும்ப்பா. அட்டை மறைச்சிருக்கும்."

"அப்பம் பிரேமப் பிரிக்கணும்."

பிரித்தார். பின்பக்கத்து ஆணிகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, கிண்ணத்தில் போட்டார். கடைக்காரர் அழகுக்காக வைத்த மஞ்சள் அட்டையின் விளிம்பை விலக்கினால், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: நிரந்தர உத்தரவு எண், தேதி. பத்து வருடமாக வெயில் படாத அந்த ஒரு வரி மட்டும் புத்தம்புதுசாக இருந்தது. பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்பினார்.

இரண்டாவது விண்ணப்பம் ஒரே பக்கம். மூன்று வரிசை: கட்ட எண், இப்போது இருப்பது, இருக்க வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைப்பு எண். உணர்ச்சி ஒரு சொட்டு இல்லை. வெளிநாட்டுச் சேவையின் நாள் கணக்கையும் நானே போட்டுக் கொடுத்தேன்: 0000 08 24. சம்பளச் சீட்டில் அந்தத் தொகைகளை மட்டும் மஞ்சள் மையில் கோடிட்டேன். 2023 மார்ச்சில் அனுப்பியது. நடுவில் ஒருமுறை போன் செய்து வந்துசேர்ந்ததா என்று மட்டும் கேட்டேன்.

செப்டம்பரில் டிடி-215 வந்தது. பலர் புது 214 வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி வராது. பழைய 214 பிழையோடு அப்படியே இருக்கும். எந்தக் கட்டத்தில் எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது என்று சொல்லும் ஒற்றைத் தாள்தான் 215. இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும், ஆகவே நகல் எடுக்கும்போதெல்லாம் ஒன்றாகவே எடுக்கிறேன். ஆப்கானிஸ்தான் போர்ப்பதக்கத்தில் ஒரு வெண்கல நட்சத்திரமும் சேர்ந்திருந்தது. 2011 ஜூலை முதல் 2014 முடிய உள்ள போர்க்காலக் கட்டத்துக்கானது. நான் கேட்காதது, ஆனால் சேர வேண்டியதுதான்.

ஒரு திருத்தம் மட்டும் பாக்கி இருந்தது. 2012-இல் அம்மாவிடம் ஜெர்மனிக்குப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். அப்பாவுக்குத் தெரியும். சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டதில்லை, அப்பாவும் படித்துக் காட்டியதில்லை. அரசாங்கத் தாளும் அம்மாவும் மட்டும்தான் பத்து வருடமாக ஒரே கட்சி. பிரேமைப் பிரித்த அன்றைக்கு அப்பா ஏதோ வாய்தவறிவிட்டார். இரண்டு நாள் அம்மா போனுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார்.

"குளிருமேன்னு சித்தி மவன்ட்ட மங்கி குல்லா குடுத்து விட்டேனே, அத என்ன செஞ்ச?"

"போட்டேன்மா. அங்கயும் நவம்பர்ல குளிரும்."

"எத்தன மாசம்?"

"எட்டு மாசம், இருபத்தினாலு நாள்."

அம்மா ஏதோ விரல்விட்டு எண்ணுவது கேட்டது. பிறகு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.