நடைமேடையைத் துளைத்து நிற்கும் கற்பூர மரம்

எங்கள் ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஒரு மரம் நிற்கிறது. வேர் கீழே தெருமட்டத்து மண்ணில் இருக்கிறது. அடிமரம் மேம்பாலத்தின் மேலுள்ள நடைமேடையைத் துளைத்து, கூரையையும் துளைத்துக்கொண்டு போய் வெளியே கிளை பரப்புகிறது. ஜப்பானில், ஓசாகாவுக்கு வடகிழக்கே நெயாகவா நகரத்தில், கெய்ஹான் ரயில் பாதையில் இருக்கும் கயாஷிமா நிலையம் இது. மரத்தின் வயது சுமார் 700 ஆண்டு என்கிறார்கள்.

கணவரின் வேலைக்காக இங்கே குடிவந்த புதிதில் அந்த மரத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. டிக்கெட் எடுப்பது, வாசற்பலகை படிப்பது, குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பகல் முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் கழியும். மாலையில் கணவர் வந்து கதவைத் திறக்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள், மொழி வகுப்புக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்தேன். நடைமேடையில் செம்பழுப்பு இலைகள் உதிர்ந்து கிடந்தன. செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகு இது ஏன் இப்போது இலை உதிர்க்கிறது என்று ஒன்றை எடுத்துக் கசக்கினேன். தீபாராதனை வாசம்! எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தட்டு கைக்கு எட்டும் தூரத்தில் வரும்போது எழுமே, அதே வாசம். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அது கற்பூர மரம். இங்கே குசுனோகி என்பார்கள். குளிர்காலத்திலும் பச்சையாக நின்று, புதுத்தளிர் வரும் வசந்தத்தில்தான் பழைய இலைகளைக் கழிக்கும். நம் கடைகளில் இன்று விற்கும் கற்பூரம் பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து செய்வது. அதற்கு முன், கற்பூரம் என்றால் பெரும்பாலும் இந்த மரத்தைச் சீவி, ஆவியில் காய்ச்சி எடுத்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகச் சந்தைக்கு அது ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும்தான் ஏராளமாகப் போனது. 1903-இல் ஜப்பானிய அரசு அந்த வியாபாரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. என் கொள்ளுப்பாட்டி ஏற்றிய கற்பூரம் இந்த மரத்தின் உறவாகவும் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது.

மரத்தின் கதையைச் சொன்னவர் எதிர்வீட்டு மூதாட்டி. நிலையம் 1910-இல் திறந்தது. கூட்டம் பெருகி, 1972-இல் பாதையை உயர்த்திக் கட்டத் திட்டமிட்டபோது மரத்தை வெட்டிவிடுவதாக இருந்தது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. கிளையை வெட்டியவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது, அடிமரத்தில் வெள்ளைப் பாம்பு சுற்றிக் கிடந்தது, மரத்திலிருந்து புகை எழுந்தது என்றெல்லாம் பேச்சு பரவியது. கடைசியில் மரத்தைச் சுற்றியே நிலையத்தைக் கட்டினார்கள். 1980-இல் வேலை முடிந்தது. கீழே, மரத்தின் அடியில் ஒரு சிறிய ஆலயமும் இருக்கிறது.

“பாம்பை நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களை நம்பினேன்” என்றார். எங்கள் ஊர்ப் புளியமரத்து முனியைப் பற்றி என் அப்பாயி சொன்ன பதிலும் இதேதான்.

மரத்தில் வாழும் ஆவிக்கு இங்கே கொதமா என்று பெயர். 1776-இல் தொரியாமா செகியென் என்ற ஓவியர் வெளியிட்ட பேய் பூதப் படநூலில், நூறாண்டு கண்ட மரத்தில் தெய்வம் குடிகொண்டு உருவம் காட்டும் என்று எழுதி, மரத்தடியில் ஒரு கிழவனையும் கிழவியையும் வரைந்திருக்கிறார். பயமுறுத்தும் முகங்கள் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி நிற்கிறார்கள். தெற்கே ஒகினாவாவில் கதை வேறு. அங்கே ஆலமரத்துக்கு உறவான கஜுமாரு மரத்தில் கிஜிமுனா என்ற செம்முடிக் குட்டி ஆவிகள் இருக்கின்றன. மீனவருக்கு மீன் பிடித்துக் கொடுத்துவிட்டு மீனின் கண்ணை மட்டும் தின்னும், ஆக்டோபஸைக் கண்டால் ஓடிவிடும் என்று என் வகுப்புத் தோழி சொன்னாள்.

கொதமாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு: எதிரொலி. மலையில் கூப்பிட்டால் திரும்பி வரும் குரலை, மரத்து ஆவி சொல்லும் பதில் என்று முன்னோர் எடுத்துக்கொண்டார்கள். 1958-இல் தோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் இடையே ஒரே நாளில் போய்த் திரும்பும்படி விரைவு ரயில் விட்டபோது அதற்குக் கொதமா என்று பெயர் வைத்தார்கள், எதிரொலிபோல் போய் வருவதால். 1964 முதல் அந்தப் பெயர் புல்லட் ரயிலுக்குப் போயிற்று. அதுவரை பலகையில் வெறும் எழுத்தாக இருந்த அந்தச் சொல், ஆசிரியை விளக்கிய அன்றிலிருந்து எனக்கு நெருங்கிவிட்டது. யாரும் பதில் சொல்லாத வீட்டில் இருந்தவள் அல்லவா நான்!

சென்ற ஆண்டு அம்மா வந்திருந்தார். பெட்டியைத் திறந்து முறுக்குக்கும் புளிக்கும் நடுவிலிருந்து ஒரு டப்பா கற்பூரத்தை எடுத்தார். கயாஷிமா மரத்தைக் காட்டியதும், “இங்கே ஒரு வில்லை ஏற்றலாமா?” என்றார். தீ கூடாதம்மா என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. கீழே கிடந்த இலையைக் கசக்கி அவர் மூக்கருகே பிடித்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. இலையை வாங்கி, முந்தானை நுனியில் முடிந்துகொண்டார்.

பிறகு மரத்தடி ஆலயத்தில், எதிர்வீட்டு மூதாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி கும்பிட்டு அம்மாவுக்குக் காட்டினேன்: இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று தட்டினார். தலைக்கு மேல் இருந்த நடைமேடையின் அடிப்பக்கத்தில் பட்டு அந்த இரண்டு தட்டலும் எங்களிடமே திரும்பி வந்தன. அம்மா தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார்.