கார்பன் ஃபைபர் லிப் விரிசல்: சேலம் வெயிலும் ஏற்காட்டுப் பனியும்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தாழ்வான வண்டியின் முன்பக்க லிப் (பம்பரின் அடியில் நீளும் விளிம்பு) கல்லில் உரசுவது சகஜம். விரிசலை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்காதீர்கள். நாணயத்தால் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே கார்பன் துணியின் அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்த இடம் முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

80 நம்பர் உப்புத்தாளால், அடுக்குக்கு 12 மி.மீ. வீதம் சரிவாகத் தேயுங்கள். மூன்றடுக்குக்கு 36 மி.மீ. இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒட்டு விடுவது பெரும்பாலும் சரிவு குறுகிய இடத்தில்தான். கறுப்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும், கிரைண்டர் மோட்டாரில் புகுந்தால் ஷார்ட். எனவே நனைத்துக் கையால் தேய்ப்பதே மேல். மாஸ்க் கட்டாயம்.

நன்கு காயவிட்டு அசிட்டோனால் துடையுங்கள். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ட்வில், அதாவது சாய்வரி நெசவு, கார்பன் துணியைப் பழைய நெசவின் திசையிலேயே வையுங்கள், சிறிய துண்டு முதலில். துணியின் எடைக்குச் சமமாக எப்பாக்ஸி (துணியை ஒட்டி இறுகும் பிசின்) போதும். அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றாமல், டப்பாவில் அச்சிட்டிருக்கும் எடை விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கூடக் குறையப் போனால் பிசுபிசுப்பு போகவே போகாது.

சேலத்துச் சித்திரை வெயிலில் இந்தக் கலவை கிண்ணத்திலேயே சூடேறிப் புகையும். விடியற்காலையில், சிறிது சிறிதாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்புங்கள். ஏற்காட்டு ஈரத்தில் தொல்லை வேறு: இறுகியபின் மேலே மெழுகு போல வழுவழுப்பு படியும். வெதுவெதுப்பான நீரில் நாரால் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள். கடைசியில் யூவி (புற ஊதாக் கதிர்) தாங்கும் கிளியர் கோட், அதாவது நிறமற்ற மேல்பூச்சு. இல்லையென்றால் வெயிலில் மஞ்சளாகும்.