முள் எல்லாம் ஒரே முள் இல்லை

ரோஜாச் செடியின் முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். பட்டென்று பெயர்ந்து வந்துவிடும், தண்டில் ஒரு தழும்பு மட்டும் இருக்கும். எலுமிச்சை முள்ளிடம் இந்த வேலையைக் காட்டினால் விரல்தான் கிழியும். ஏனென்றால் ரோஜா முள் தண்டின் தோலிலும் அதை ஒட்டிய திசுவிலும் கிளம்பியது, உள்ளே நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த் திசுவோடு தொடர்பு கிடையாது. எலுமிச்சை முள்ளோ இலைக்கோணத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில், கிளை வர வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது உருமாறிய கிளை. சப்பாத்திக்கள்ளியின் முள் உருமாறிய இலை. மூன்றையும் நாம் முள் என்று சொல்லிவிட்டுப் போகிறோம்!

கணு (தண்டில் இலை கிளம்பும் இடம்), கணுவிடை (இரண்டு கணுக்களுக்கு நடுவில் உள்ள பகுதி), இலைக்கோணம், கோணமொட்டு (இலைக்கோணத்தில் இருக்கும் மொட்டு) என்று படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. போதாக்குறைக்கு பூவின் ஆண் உறுப்புக்கு ஒரு புத்தகத்தில் மகரந்தத்தாள், இன்னொன்றில் கேசரம், இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம்தான் புரிந்தது, இவை பெரும்பாலும் விலாசம் மாதிரி. உறுப்பு பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் அது என்ன என்று காட்டிக்கொடுக்கும்.

வேப்பிலை ஒன்று பறிக்கச் சொன்னால் நாம் எதைப் பறிப்போம்? ரம்பப்பல் விளிம்போடு இருக்கும் அந்தச் சின்னதைத்தானே. அதன் அடியில் மொட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது. மொத்தக் காம்பும் கிளையில் சேரும் இடத்தில்தான் கோணமொட்டு இருக்கும். ஆக அந்த முழு ஈர்க்குதான் ஓர் இலை, நாம் பறித்தது சிற்றிலை. உருளைக்கிழங்கின் கண்களும் இதே கதைதான்: அவை கணுக்கள், அதனால் அது தண்டு. சர்க்கரைவள்ளிக்குக் கணு கிடையாது, அது வேர்.

விலங்குகளிலும் இடம்தான் முக்கியம். நாய்க்கு வயிற்றுப்புறம் கீழே இருக்கிறது, நிமிர்ந்து நிற்கும் நமக்கு முன்னால். அதனால்தான் மேல், கீழ் என்று சொல்லாமல் முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்கிறார்கள்.

சரி, கொக்கின் முழங்கால் மடங்கும்போது பின்பக்கமாகத் துருத்துகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது முழங்காலே இல்லை, கணுக்கால். அதற்குக் கீழே நீளமாக, குச்சி போலத் தெரிவது பாதத்தின் எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்தது. கொக்கு நிற்பது விரல்களின் மேல். உண்மையான முழங்கால் மேலே, உடம்போடு ஒட்டி, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. மடங்கும்போது அது நம்முடையதைப் போலவே முன்பக்கம்தான் துருத்தும்.