நோட்டீஸ் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கியதும் கவுன்ட்டரிலேயே நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு வரியில் விரல் நின்றுவிடும். ‘எம்.ஏ.பி. சார்ஜ்’ (மாதச் சராசரி இருப்பு குறைந்ததற்கான அபராதம்) 300 ரூபாய், அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. 54 ரூபாய்.

“இதை நான் எடுக்கவே இல்லையே சார்?”

“மினிமம் பேலன்ஸ் வைக்கலைம்மா. சிஸ்டம் எடுத்துருச்சு.”

பெரும்பாலும் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. ஊழியர் சொல்வது பொய்யில்லை. மத்திய சர்வரில் ஓடும் ஒரு நிரல்தான் லட்சக்கணக்கான கணக்குகளில் ஒரே இரவில் பிடித்துவிடுகிறது. கிளையில் யாரும் கையால் பிடிப்பதில்லை. அதனாலேயே பிடித்தது சரியா என்று கிளையில் யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.

அடுத்த பத்து நிமிடம் வாடிக்கையாளர் தன் கஷ்டத்தைச் சொல்லிப் பார்க்கிறார். பையன் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கூலி தாமதம். எல்லாம் உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு மேனேஜர் மனமிரங்கினால் அது சலுகை. இரங்காவிட்டால் அதோடு சரி. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: “குறைவு என்று எனக்கு நோட்டீஸ் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?”

அந்தக் கேள்விக்கு பலம் தருவது 2014 நவம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சேமிப்புக் கணக்குகளுக்கு மட்டும்தான். நடப்புக் கணக்குக்கு இதைக் காட்ட முடியாது. இருப்பு குறைந்தால் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாக வங்கி முதலில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். பிடிக்கும்போதும் தெரிவிக்க வேண்டும். அபராதம் குறைந்த தொகையின் மீது இவ்வளவு சதவீதம் என்று இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

பிப்ரவரியில் குறைவு, மார்ச் 5-ஆம் தேதி எஸ்.எம்.எஸ்., மார்ச் 31-ஆம் தேதி பிடித்தம் என்று இருந்தால் அந்தப் பிடித்தம் தவறு. ஏப்ரல் 5 வரை வங்கி காத்திருந்திருக்க வேண்டும். இப்படித் தேதிகளை அடுக்கிக் காட்டும் கடிதத்துக்கு மறுப்பு எழுதுவது அதிகாரிக்குச் சிரமம்.

அடுத்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி இருப்பு 5,000 என்றால் தினமும் 5,000 இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் இரவில் கணக்கு முடியும்போது உள்ள தொகையைக் கூட்டி, அந்த மாதத்தின் நாட்களால் வகுப்பதுதான் சராசரி. 15 நாள் 10,000 இருந்து, மீதி 15 நாள் கணக்கு காலியாகக் கிடந்தாலும் சராசரி 5,000 வந்துவிடும். சில வங்கிகள் மாதத்துக்குப் பதில் காலாண்டுக்குக் கணக்கிடும். கட்டண அட்டவணையில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பாஸ்புக்கில் 30 நாள் கூட்டுத்தொகை 1,47,000 வருகிறது என்று வையுங்கள். சராசரி 4,900. குறைவு 100 ரூபாய்தான். அதற்கு 354 ரூபாய் போயிருக்கிறது. குறைவுக்கு ஏற்ற சதவீதம் என்ற விதியை வைத்துப் பார்த்தால் இதை நியாயப்படுத்த முடியாது. கடிதத்தில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

மைனஸ் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கணக்கில் பணம் இல்லாதபோது வங்கி மைனஸ் காட்டாது, பாக்கியைக் குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்து எந்தப் பணம் உள்ளே வந்தாலும் முதலில் அதை எடுத்துக்கொள்ளும். நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் ஓய்வூதியம், உதவித்தொகை எல்லாம் இப்படித்தான் கரைகின்றன. 2023 செப்டம்பரில் தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் முதன்முதலாக வரவு வைக்கப்பட்டபோதும் இதே குறை எழுந்தது. விதியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைக் கைவிடும் பழக்கம் இது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக்கென்று வந்த பணத்தில் பழைய அபராதத்தை எடுப்பது மனசாட்சியுள்ள எந்த நிறுவனத்துக்கும் அழகில்லை.

கேட்கும் முறைக்கு வருவோம். பாஸ்புக்கை மட்டும் நம்பாமல் முழு ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். அபராத வரிகளையும் ஜி.எஸ்.டி. வரிகளையும் தேதியோடு தனித் தாளில் எழுதிக் கூட்டுங்கள். கிளைக்குத் தரும் கடிதம் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம்: கணக்கு எண், பிடித்த தேதிகள், தொகை, ‘ஒவ்வொரு பிடித்தத்துக்கும் முன் அனுப்பிய நோட்டீஸின் தேதி, அனுப்பிய கைபேசி எண், அபராதம் கணக்கிட்ட விவரம் ஆகியவற்றைத் தரவும், தர இயலாவிட்டால் ஜி.எஸ்.டி.யோடு தொகையை வரவு வைக்கவும்.’ நகலில் தேதியோடு முத்திரை வாங்குவது முக்கியம். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபால், அல்லது வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ புகார் எண். சின்னத் தொகையைத் திருப்பித் தர பல கிளைகளில் மேனேஜருக்கே அதிகாரம் உண்டு. தொகை கூடினாலோ பழையதானாலோ மண்டல அலுவலக அனுமதி தேவைப்படும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

எங்கே தோற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைபேசி எண்ணை மாற்றிவிட்டு வங்கியில் சொல்லாமல் இருந்திருந்தால், பழைய எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். போனதை வங்கி காட்டும், வாதம் வலுவிழந்துவிடும். சம்பளக் கணக்கில் வேலை மாறிச் சம்பளம் நின்ற பிறகு அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறியிருக்கும்; ஜீரோ பேலன்ஸ் என்ற நினைப்பிலேயே இருப்பார்கள். அப்போதும் நோட்டீஸ் விதி பொருந்தும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் செயலற்றதாகிவிட்ட கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதமே கூடாது. இது தெரியாமல் பழைய கணக்கை உயிர்ப்பிக்கப் போய் அபராதம் கட்டிவிட்டு வருபவர்கள் பலர்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த இடம் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மன், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி. 2021 நவம்பர் 12-இல் தொடங்கிய திட்டம். கட்டணம் கிடையாது. இணையதளத்தில் பதியலாம், தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. வழக்கறிஞர் வழியாக அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், நீங்களே எழுதுங்கள். இங்கே ஒரு வாக்கியம் புகாரையே கவிழ்த்துவிடும். ‘வங்கி வசூலிக்கும் கட்டணம் மிக அதிகம்’ என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிடலாம். ‘நோட்டீஸ் தராமல், அவகாசம் தராமல் பிடித்தார்கள்’ என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு, விசாரித்தே ஆக வேண்டும். பணமும் அதே, கோபமும் அதே. எழுதும் விதத்தில்தான் முடிவு மாறுகிறது.

இது சில்லறை விவகாரம் என்று ஒதுக்குபவர்களுக்கு: 2019-20 முதல் 2023-24 வரையான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த வகையில் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே இந்த அபராதத்தைக் கைவிட்டது. 2025-இல் கனரா, இந்தியன், பஞ்சாப் நேஷனல் வங்கிகளும் கைவிட்டன. அதற்கு முன் பிடித்த பணம் தானாகத் திரும்பி வராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இனி பிடிக்காமல் இருக்க, அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி அதே நாளில் இன்னொரு கடிதம் கொடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது என்பது நிபந்தனை. கோபத்தில் கணக்கை மூடிவிடாதீர்கள். திரும்பும் பணம் வரவாக அந்தக் கணக்குதான் வேண்டும். வந்ததும் என்ட்ரி போட்டுப் பாருங்கள். 300 மட்டும் வந்திருந்தால் கவுன்ட்டரை விட்டு நகராமல் அந்த 54 ரூபாயையும் கேளுங்கள்.