திருவருகை வளையம்: முதல் மெழுகுவர்த்தியில்தான் சிக்கல்

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வொன்றாகக் கூட்டி ஏற்றும் மெழுகுவர்த்திகள், அவற்றைத் தாங்கும் பசுங்கிளை வளையம். இதைச் சிலர் ‘மலர்வளையம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்கு அஞ்சலிதான் நினைவுக்கு வரும். இதில் மலரும் இல்லை, துக்கமும் இல்லை, காத்திருப்புதான் இருக்கிறது. அந்தக் காத்திருப்புக் காலத்துக்குத் திருவருகைக் காலம் (அட்வென்ட்) என்று பெயர். எனவே திருவருகை வளையம் என்றே சொல்வோம்.

இதைத் தொடங்கிவைத்தவர் யோகான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக 1833இல் ‘ரௌஹஸ் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் திறந்தவர். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருக்க, 1839இல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் மற்ற நாள்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் பொருத்தினார். அந்த ஆண்டு டிசம்பர் 25 புதன்கிழமை. டிசம்பர் 1இல் தொடங்கிய திருவருகைக் காலம் 24ஆம் தேதியோடு முடிந்தது. ஆக 24 நாள், 24 சுடர். பிள்ளைகளுக்கு அது எண்ணிப் பார்க்கும் நாள்காட்டி. பசுங்கிளைகள் சேர்ந்தது 1860 வாக்கில். கத்தோலிக்க ஆலயத்துக்குள் இது வந்தது இன்னும் பிந்தி, 1925இல், கொலோன் நகரில்.

வீடுகளுக்கு வந்தபோது நான்கு பெரிய மெழுகுவர்த்திகள் மட்டும் தங்கின. ஜெர்மனியில் நான்கும் சிவப்பாக இருப்பதே வழக்கம். கத்தோலிக்கர் பலர் மூன்று ஊதாவும் ஒரு ரோசாவும் வைக்கிறார்கள். ரோசா மூன்றாம் ஞாயிறுக்கு, அதாவது ‘மகிழுங்கள்’ என்று திருப்பலி தொடங்கும் ஞாயிறுக்கு உரியது. அதை நான்காவதாக ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரலாம். கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை என்றால் திருவருகைக் காலம் 28 நாள். திங்கள் என்றால் 22 நாள்தான், நான்காம் ‘வாரம்’ ஒரே நாளில் முடிந்துவிடும். மெழுகுவர்த்தி வாங்கும் முன் இதைப் பாருங்கள். தினமும் மாலை 20 நிமிடம் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், 28 நாள் காலத்தில் முதல் மெழுகுவர்த்தி 9 மணி 20 நிமிடம் எரியும். நான்காவது 2 மணி 20 நிமிடம்தான். 25 செ.மீ. உயரமுள்ள ஒல்லி மெழுகுவர்த்தி மணிக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. கரையும். கணக்குப் போட்டால் முதலாவதில் மிஞ்சுவது 2 செ.மீ.க்கும் குறைவு. கிளைகள் நன்றாகக் காய்ந்து சருகாகிவிட்ட கடைசி வாரத்தில்தான் அந்தச் சுடர் அவற்றின் அருகே வந்து நிற்கும். வளையம் இப்படித் தீப்பிடிக்கலாம்.

தடுப்பது எளிது. ஊதா மூன்றும் ஒரே நிறம், ஒரே அளவு. மூன்றாம் வாரம் ரோசாவோடு சேர்த்து, இரண்டாவதையும் இதுவரை தொடாத ஊதாவையும் ஏற்றுங்கள், முதலாவதற்கு ஓய்வு. நான்காம் வாரம் எல்லாம் எரியட்டும். இப்போது எதுவும் 21 நாளுக்கு மேல் எரியாது, 7 செ.மீ.க்குக் குறையாமல் மிஞ்சும். முதல் சுடர் இறைவாக்கினருடையது, இரண்டாவது பெத்லகேமுடையது என்று பெயர் சொல்லி ஏற்றுபவர்கள் மெழுகுவர்த்திகளை இடம் மாற்றி வைத்தால் போதும், பெயர் இடத்துக்குத்தானே.

தடித்த மெழுகுவர்த்தி நெடுநேரம் எரியுமே என்று தோன்றும். ஆனால் 6 செ.மீ. தடிமனில் மேல்மெழுகு ஓரம்வரை உருக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 நிமிடத்தில் அணைத்தால் திரியைச் சுற்றி மட்டும் குழி விழுந்து, சில நாளில் சுடர் உருகிய மெழுகில் மூழ்கிவிடும். தினம் சிறிது நேரம் ஏற்றுபவர்களுக்கு ஒல்லியானதே நல்லது. திரியை ஒவ்வொரு முறையும் அரை செ.மீ.க்கு நறுக்குங்கள்.

வளையம் கட்ட 30 செ.மீ. விட்டமுள்ள வைக்கோல் சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியிலை மரங்களில் ஸ்புரூஸ் வேண்டாம், வெப்பமான அறையில் விரைவில் உதிரும், ஃபிர் தாங்கும். கிளைகளின் அடியை நறுக்கி இரவு முழுவதும் நீரில் வையுங்கள். பிறகு 10 செ.மீ. துண்டுகளை மூன்று மூன்றாகச் சேர்த்து, உள்பக்கம், மேல், வெளிப்பக்கம் என ஒரு வரிசைக்கு மூன்று கட்டு வைத்துக் கம்பியால் சுற்றுங்கள். அடுத்த வரிசை 4 செ.மீ. தள்ளி, முந்தையதன் காம்பை மறைக்க வேண்டும். வெளிச்சுற்றளவு 94 செ.மீ.; 24 வரிசை வரும். கம்பியை இடையில் வெட்டாதீர்கள், ஓரிடத்தில் தளர்ந்தால் எல்லாம் கழன்றுவிடும். உள்பக்கத் துண்டுகள் 6 செ.மீ. போதும், நீளமாக இருந்தால் நடுத்துளை அடைந்துபோகும், கிறிஸ்துமஸுக்கென நடுவில் வைக்கும் வெள்ளை மெழுகுவர்த்திக்கு இடம் இருக்காது.

மெழுகுவர்த்தியை நேராகச் சட்டத்தில் செருகாதீர்கள். அடியில் முள்ளும் சுற்றிலும் தட்டும் உள்ள உலோகத் தாங்கி வேண்டும். சாய்ந்த மெழுகுவர்த்தி ஒரு பக்கமாக ஒழுகி விரைவில் தீரும்.

நடுவிலுள்ள வெள்ளை மெழுகுவர்த்தி டிசம்பர் 24 இரவுக்கு. கிறிஸ்து பிறப்புக் காலம் முழுவதும் அதை ஏற்றலாம், ஆனால் காய்ந்த கிளைகளை முதலில் அகற்றிவிடுங்கள்.