கொள்ளும் வேணும், எள்ளும் வேணும்: மருந்தறை நாட்குறிப்பு

20 ஜனவரி 2025, திங்கள்

மாதவிடாய் நின்றபின் எடை ஏறும் பெண்களுக்குக் கொடுக்கும் திரிபலா சூரணத்துக்குச் சரக்கு வந்தது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிவற்றல் மூன்றும் சம எடை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சம எடை கொட்டை நீக்கிய தோலுக்குத்தான் என்பது பலருக்குத் தெரியாது. முழுக்காயை நிறுத்துப் போட்டால் கடுக்காயும் தான்றியும் குறைந்து நெல்லி மிகுந்துவிடும். பிறகு "மலம் இளகவே இல்லையே" என்று வருவார்கள்.

சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு. கடுக்காயை இரவு முழுக்கக் கழுநீரில் ஊறப் போட்டால் காலையில் தோல் தானாக விட்டுக் கொடுக்கும். காய்ந்தபடியே சுத்தியலால் உடைத்தால் கொட்டைச் சில்லு தோலோடு கலந்துவிடும், பிறகு பொறுக்கி மாளாது. தோலை நிழலில் இரண்டு நாள், வெயிலில் ஒரு நாள் காய வைக்க வேண்டும். இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் 200 கிராம் மட்டும்.

24 ஜனவரி, வெள்ளி

இடித்தாயிற்று. நெல்லிவற்றல்தான் எப்போதும் சதி செய்கிறது. கையில் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு துண்டை ஒடித்துப் பார்க்க வேண்டும். படக்கென்று முறிந்தால் சரி, வளைந்தால் இன்னொரு நாள் வெயில் காட்ட வேண்டும். வளைந்ததை மிக்சியில் போட்டால் பிளேடில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். அதோடு சலித்து வைத்த பொடி மூன்றே நாளில் கட்டி தட்டிப் பூசண வாடை அடிக்கும்.

மிக்சியை 20 நொடிக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, ஜாடி சூடாகும். மூன்றையும் தனித்தனியாக அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் சலித்து, சலித்த பிறகு மறுபடி நிறுத்துத்தான் கலக்க வேண்டும். கடுக்காயில் நார் அதிகம், துணியில் சலியாத கப்பியும் அதிகமாக நிற்கும். அரைக்கும் முன் இருந்த எடையை நம்பினால் விகிதம் மாறிப்போகும்.

டப்பாவில் ஒட்டிய சீட்டு: "24.01.2025, மூன்று மாதம்." சூரணத்துக்குப் பழைய கணக்கு அதுதான். குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, மூன்று மணி நேரம்.

27 ஜனவரி, திங்கள்

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதன்பின் இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும், தசை குறையும். ஆகவே எடை மெஷினில் 2 கிலோதான் ஏறியிருக்கும், ரவிக்கையோ இரண்டு அளவு பெரிதாகியிருக்கும்.

அதனால் முதலில் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். பாவாடை நாடாவின் தடத்தில் டேப்பை வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. வருஷக்கணக்காக நாடா இறுக்கிய இடம் உள்வாங்கியிருக்கும், 3, 4 செ.மீ. குறைவாகக் காட்டும். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

மருந்து எழுதும் முன் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைந்து ஏறிய எடைக்குச் சூரணம் கொடுத்துக்கொண்டிருப்பது காலவிரயம்.

3 பிப்ரவரி, திங்கள்

அளவு. முதல் வாரம் அரை டீஸ்பூன், அதாவது சுமார் ஒன்றரை கிராம், 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து. மலம் ஒருமுறை சுகமாகப் போனால் அதுவே போதும். இறுகலாகவே இருந்தால் ஒரு டீஸ்பூன். நாளுக்கு மூன்று தடவை நீராகப் போனால் எடை குறைகிறது என்று மகிழ்வது தப்பு. போவது தண்ணீரும் உப்பும்தான், நான்காவது நாள் கெண்டைக்காலில் குரக்குவலி பிடிக்கும்.

ஏன் இரவு? தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இந்த வயதில் நிறையப் பேர். அதை விடியற்காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அப்போதே வெந்தய நீர், சீரக நீர், திரிபலா என்று வரிசையாகக் குடித்தால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. எடை இன்னும் ஏறும், பழி மூலிகைக்கு வரும். திரிபலாவின் துவர்ப்பு இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும், அதனால் இரும்பு மாத்திரை மதியத்துக்கு.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

தேன் கலக்கலாமா என்று தினம் ஒருவராவது கேட்கிறார்கள். கலக்கலாம், ஒரு டீஸ்பூன். அது 20 கலோரிக்குக் கொஞ்சம் மேல். குழம்புக் கரண்டியால் ஊற்றிவிட்டு "தேன் கொழுப்பைக் கரைக்கும்" என்றால் கரையாது.

12 பிப்ரவரி, புதன்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு." மாதவிடாய் நின்றவர் இரண்டு பேராகவும் இருக்கிறார். வயிற்றில் கொழுப்பு, எலும்பிலும் தசையிலும் இளைப்பு. கொள்ளை மட்டும் பிடித்துக்கொண்டு பட்டினி கிடந்தால் முதலில் போவது தசை. ஆகவே கொள்ளோடு எள்ளும்: கறுப்பு எள்ளைத் தோலோடு வறுத்த துவையல், நாளுக்கு ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம், எள்ளில் பாதி எண்ணெய்.

கொள்ளு ஒருவருக்கு 40 கிராம். கல் பொறுக்கி, வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, 8 மணி நேரம் ஊறவைத்து, ஐந்து டம்ளர் நீரில் குக்கரில் ஆறு விசில். வடித்த நீரில் ரசம். பெரும்பாலானவர்கள் ரசத்தைக் குடித்துவிட்டுப் பருப்பை மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம், அதில் பெரும்பங்கு பருப்பிலேயே நிற்கிறது. அதைச் சுண்டலாகத் தாளித்துச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டால்தான் கொள்ளுக்கு வேலை.

கொள்ளு சூடு. ரசத்தில் மிளகைப் பாதியாக்கி, சீரகமும் தனியாவும் கூட்ட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

24 பிப்ரவரி, திங்கள்

குண்டு என்றதும் சுக்கு, மிளகு, திப்பிலி என்று திரிகடுகை எழுதும் பழக்கம். கபத்தால் பருத்த உடம்புக்கு அது சரி. குப்பென்று வியர்த்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறவருக்கு அதையே கொடுத்தால் வியர்வை இன்னும் கூடும், தூக்கம் போகும். தூங்காதவருக்குப் பசி அதிகம், மறுநாள் மாலை மிக்சர் பாக்கெட் தீரும். இவர்களுக்குத் திரிகடுகு வேண்டாம். நெல்லிக்காய் ஒன்று, மோர், மாலை நாலு மணிக்கு மேல் காபி இல்லை.

5 மார்ச், புதன்

தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம். இந்த வயதுப் பெண்களுக்கு என்று விற்பதில் முதலிடம் இதற்குத்தான். கிழங்கு நல்லதுதான், ஆனால் அது உடல் தேற்றி. லேகியத்தில் பாதிக்கு மேல் பாகு, அதோடு நெய். காலை ஒரு ஸ்பூன், இரவு ஒரு ஸ்பூன், கூடவே ஒரு டம்ளர் பால். இளைத்தவரைத் தேற்றச் செய்த மருந்தைத் தின்றுவிட்டு எடை ஏறுகிறது என்றால் மருந்து சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கிழங்கு தேவைப்பட்டால் வெறும் சூரணமாகக் கொடுக்கலாம்.

அதிமதுரம் கலந்த பொடிகளும் வருகின்றன. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறும், கால் வீங்கும், அந்த வீக்கமே எடையிலும் காட்டும்.

பெயரில்லாத "மெலிவுப் பொடி" வேறு விஷயம். குடித்த அன்றே பசி செத்துப்போய், நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்தால் அதில் மூலிகையை மீறிய ஏதோ இருக்கிறது. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து இப்படிப்பட்ட பொடிகளில் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்குக் கேடு என்று இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை செய்தார்கள். சீட்டில் உரிம எண், தொகுதி எண், தேதி மூன்றும் இல்லாத டப்பாவைத் திறக்கவே வேண்டாம். கொடம்புளியும் மீன்குழம்பில் இருக்கும் வரை நல்லது. அதன் சத்தைப் பிழிந்த மெலிவு மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

18 மார்ச், செவ்வாய்

சூரணம் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்கள்: மாதவிடாய் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் (இதற்கு அசோகப்பட்டைக் கஷாயம் போட்டு மூடக் கூடாது), கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்து, நாலு வாயிலேயே வயிறு நிறைந்துபோனால் (சினைப்பையை ஸ்கேன் செய்ய வேண்டும்), ஒரே வாரத்தில் 2, 3 கிலோ ஏறி, பாதத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தால்.

21 ஏப்ரல், திங்கள்

மூன்று மாதம் முடிய இன்னும் மூன்று நாள். டப்பாவில் 140 கிராம் மிச்சம். நிறம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, நாக்கில் வைத்தால் துவர்ப்பு பிடிப்பதற்கு முன்பே புளிப்பு தட்டுகிறது. ஸ்பூனை ஈரத்தோடு விட்டிருக்கிறார்கள், ஓரத்தில் இரண்டு கட்டி. உரக்குழிக்குப் போட்டாயிற்று. அடுத்த தடவை ஒவ்வொன்றிலும் 150 கிராம் போதும். ஸ்பூன் டப்பாவுக்குள் வேண்டாம், மூடியில் கட்டித் தொங்கட்டும்.